முற்றத்து விழாவும் பிறையால் வந்த பேஜாரும்

கடிதம் எண் 37
ஆம்பூர், 1934ஆம் வருஷம் ஜனவரி மாதம் 20ஆம் தேதி, சனிக்கிழமை (ஸ்ரீமுக வருஷம் தை 7), காலை மணி ஏழே கால்.

சிரஞ்சீவி சௌபாக்கியவதி அமிர்தவள்ளிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். ஈசுவரன் கிருபையால் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிச் சுகமாக இருக்கிறோம். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அவ்வாறே இருப்பதாக, டிசம்பர் 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை நீ எழுதிய கடிதத்தால் அறிந்து சந்தோஷமடைந்தோம். அம்மாவுக்குப் பனியில் முழங்கால் வலி சற்று ஜாஸ்தி. ஆயினும் புதன்கிழமையன்று அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள். அந்தச் சங்கதியை எழுதத்தான் இன்று காலையிலேயே உட்கார்ந்தேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு நாங்கள் குடிவந்த இந்த லைனை நீ பார்த்ததில்லை. இந்தப் பக்கம் ஐந்து வீடுகள், எதிர்ப்பக்கம் ஐந்து வீடுகள், நடுவே ஒரு பெரிய முற்றம். பத்து வீட்டுத் துணியும் அங்கேதான் உலர்கிறது, பத்து வீட்டுக் குழந்தைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள். லைனுக்குச் சொந்தக்காரர் தோல் வியாபாரி அப்துல் வஹாப் சாயபு. நல்ல மனுஷர். ஆனால் சென்ற மாதம் வந்தபோது, முற்றம் வீணாகக் கிடக்கிறது, தை பிறந்ததும் பக்கத்துத் தோல் மண்டிக்குத் தோல் காயப்போட வாடகைக்கு விடப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். வாசலில் பச்சைத் தோல் காய்ந்தால் கதவைத் திறந்து சோறு உண்ண முடியுமா? எல்லோரும் கலங்கிப்போனோம். அப்போதுதான் மூன்றாம் வீட்டுத் தானியேல் (தோல் தரம் பிரிக்கும் மேஸ்திரி, வாய்த் துடுக்கு உள்ளவன், தங்கமான பிள்ளை) ஒரு யோசனை சொன்னான். லைன்காரர் எல்லோரும் சேர்ந்து முற்றத்தில் ஒரு விழா நடத்தி, சாயபுவையே தலைமை வகிக்கச் செய்தால், அது வீணாய்க் கிடக்கிற இடமல்ல என்பதை அவரே கண்ணால் பார்ப்பார் என்றான். சாயபுவும் சம்மதித்தார். ஆனால் பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை காலையில் மண்டிக்காரன் அட்வான்ஸுடன் வருகிறான், அதற்கு முன்னால் வையுங்கள் என்றார்.

தேதி குறிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஞாயிறு முதல் செவ்வாய் வரை பொங்கல், பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். 17ஆம் தேதி புதன்கிழமை ரம்ஜான் பண்டிகை என்று காலண்டரில் அச்சிட்டிருந்தது, நம் லைன்காரர்கள் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பும் லீவு. ஆகையால் புதன் பிற்பகல் மூன்று மணி என்று நிச்சயித்து, நிகழ்ச்சி நிரல் எழுதி, பத்து வீட்டுக் கதவிலும் ஒட்டினேன். கோணிப்பை ஓட்டம், எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் ஏந்தி ஓடுதல், கயிறு இழுத்தல், பிறகு சிற்றுண்டி. நிமிஷம் தவறாமல் எழுதியிருந்தேன்.

செவ்வாய் சாயங்காலம் ஆண்களெல்லாம் மாடியில் ஏறிப் பிறை பார்த்தார்கள். மேகம் மூடிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. பிறை காணாததால் புதன்கிழமையும் நோன்பு, பண்டிகை வியாழன்தான், ஷாப்பும் உண்டு என்று சாயபு வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். காலண்டரில் தெளிவாக இருக்கிறதே என்று நான் எடுத்துக் காட்டினேன். "உங்க காலண்டரு மாடி ஏறிப் பார்த்துச்சா?" என்று உன் அம்மா கேட்டாள். எல்லோர் எதிரிலும் கேட்டாள். வியாழனுக்கு ஒத்திப்போடலாமென்றால், பண்டிகைத் தொழுகை முடிந்ததும் சாயபு பேரணாம்பட்டிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விடுவார். நோன்பு வைத்திருப்பவரைப் பிற்பகலில் உட்காரவைத்து, அவர் எதிரில் நாம் வடை தின்பதா? வேலைக்குப் போனவர்கள் இல்லாமல் கயிற்றை யார் இழுப்பது?

வழி சொன்னவள் ஏழாம் வீட்டு அன்வரி பேகம். அவள் ஆண்களோடு பேசுவதில்லை, உன் அம்மாவிடம்தான் பேசுவாள். புதன் காலையில் கொல்லைப் பக்கமாக வந்து, பொழுது சாய்ந்ததும் எல்லாரும் முற்றத்திலேயே நோன்பு திறக்கட்டும், வடையை அப்போது வையுங்கள், "கஞ்சி எங்க வூட்டுது அக்கா, ஒரு அண்டா போதுமா?" என்று கேட்டாளாம். உடனே நிரலில் மூன்று மணியை அடித்து மாலை ஆறேகால் என்று திருத்தினேன். எதிர்வீட்டுச் சவுரியம்மாள் தன் மாதா கோவிலில் கேட்டு ஒரு காஸ் லைட் வாங்கி வந்தாள். கோஷாப் பெண்கள் மறைவாக உட்கார்ந்து பார்க்க ஓரமாகத் துப்பட்டி கட்டினோம். ஷாப் விட்டு வந்தவர்கள் குளித்துவிட்டு நேராக முற்றத்துக்கே வந்தார்கள். நான் குறித்த மூன்று மணியில் இவர்களில் ஒருவரும் வந்திருக்க முடியாது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டதும் சாயபு பேரீச்சம்பழம் வாயிலிட்டார். கஞ்சி பத்து வீட்டுக் கிண்ணத்துக்கும் போயிற்று. தொழுகை முடிந்து ஆட்டம் தொடங்கியது. கரண்டி ஓட்டத்தில் உன் அம்மா இரண்டாவதாக வந்தாள். முதலாவது சவுரியம்மாள். அவள் பழத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ஓடியதாக அம்மா இன்றுவரை சாதிக்கிறாள். கயிறு இழுப்பதற்குக் கிழக்கு வரிசை ஒரு பக்கம், மேற்கு வரிசை ஒரு பக்கம். சாயபுவையும் பிடிக்கச் சொன்னார்கள். ரெண்டும் என் வீடாச்சே, எந்தப் பக்கம் இழுப்பேன் என்றார் அவர். "வாடகையை ஒழுங்கா குடுக்கிற பக்கம் நில்லுங்க சாயபு" என்றான் தானியேல். அவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு மேற்கு வரிசையில் போய் நின்றார். கிழக்கு வரிசை ஒரே மூச்சில் இழுத்ததில், தலைமை வகித்தவர் உட்பட மேற்கு வரிசை முழுதும் மண்ணில் விழுந்தது.

சாயபு மண்ணிலேயே உட்கார்ந்து சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "இங்க தோலைப் போட்டுட்டா, அடுத்த தபா நான் எங்க விழுறது?" என்றார். அதன்பின் எழுந்த சத்தம் கடைத்தெரு வரை கேட்டதாம். போகும்போது என்னை அழைத்து, அடுத்த விழாவுக்கும் தேதி நீங்களே குறியுங்கள், பிறையை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றார். நேற்று வெள்ளிக்கிழமை அட்வான்ஸுடன் வந்த மண்டிக்காரனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். இன்று முற்றத்தில் அம்மாவின் மிளகாய் காய்கிறது.

பங்குனியில் வருவதாக எழுதியிருந்தாய். தானியேல் தினமும் அடுத்த தேதி என்ன என்று கேட்டு நச்சரிக்கிறான். நான் சொல்லவில்லை. கப்பல் டிக்கெட் வாங்கியதும் உடனே எழுது. நீ இந்த லைனுக்குள் காலெடுத்து வைக்கும் நாள்தான் அந்த நாள். காலண்டர் பார்க்கப்போவதில்லை. குழந்தையைக் கப்பலில் தளத்து ஓரம் போக விடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். தீர்க்காயுசுடனும் குறைவற்ற செல்வத்துடனும் மூவரும் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அப்பா,
ஆ. கோதண்டராமன்

இத்துடன் வைத்திருப்பவை:
1. நிகழ்ச்சி நிரல், நேரம் திருத்தியது.
2. அன்வரி பேகத்தின் கஞ்சிப் பக்குவம், அம்மா சொல்ல நான் எழுதியது.
3. குழந்தைக்குச் சிவப்பு ரிப்பன், அம்மாவின் இரண்டாம் பரிசு.
4. அடுத்த விழாவின் அழைப்பு, தேதி எழுதாதது. நீ பூர்த்தி செய்து அனுப்பவும்.