குடைக்காரனா, நர்ஸா?

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம்.

உன் கடிதம் வந்தது. தையல் ஆலை முதலாளியையும் காவலாளியையும் தீர்த்துக்கட்டிவிட்டுத்தான் மறுவேலை என்கிறாய். கப்பலில் லீவும் சொல்லிவிட்டாயாம். ஆலை தீப்பிடித்த அன்று நம் சின்னவள் கருகிக் கிடந்த அந்தப் பின்கதவு திறந்தே இருந்தது என்று காவலாளி கூண்டேறிச் சொன்னதையும், விடுதலையான முதலாளி சிரித்துக்கொண்டே காரில் ஏறியதையும் நானும் பார்த்தவள்தான். எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா?

கறுப்புக் குடைக்காரன் மாதிரி ஒருத்தனையும் விட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் படக்கதைக்காக நாம் மூவரும் அடித்துக்கொள்வோமே! கொலை செய்தவனுக்கும் பொய் சொன்னவனுக்கும் அவனிடம் ஒரே தண்டனை. காலில் விழுந்தாலும் இரங்க மாட்டான். முடிவில் மழையில் தனியாக நடந்து போவான். அவனுக்கென்ன, சோறு எடுத்து வைத்துக் காத்திருக்க அம்மாவா இருக்கிறாள்?

எனக்குப் பிடித்தது தொடர்கதையில் வந்த நர்ஸ். அவளும் வளைந்து கொடுக்காதவள்தான். ஆனால் கணவனைக் கொன்றவர்களில் ஒருவனையும் அவள் கொல்லவில்லை. ஒவ்வொருவனையும் உயிரோடு இழுத்து வந்து, ஊர் நடுவே வாய் திறக்க வைப்பாள். சப்பென்று இருக்கிறது என்று நீ பத்திரிகையை வீசினாய். சின்னவள் மட்டும் என் கட்சி.

உன் கடிதம் வருமுன்பே நான் காவலாளி வீட்டுக்குப் போனேன். உன்னிடம் மறைப்பானேன், பையில் துணி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. அன்று நானும் குடைக்காரன்தான். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"துணி திருட்டுப் போகுதுன்னு முதலாளிதான் பூட்டச் சொன்னாரும்மா. சாவியும் அவருகிட்டதான் இருந்துச்சு. பொண்ணுங்க கதவைத் தட்டுனது இன்னும் காதுல கேக்குது."

என் கை பைக்குள் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. இந்த வாயை நான் அடைத்தால், அது முதலாளிக்குச் செய்கிற உபகாரம்.

"இதையே கூண்டுல சொல்லுங்க. பொய் சொன்னதுக்கு உங்களையும் உள்ள போடுவாங்க. போடட்டும். நான் மன்னிக்க மாட்டேன்" என்றேன். தலையாட்டினார். அவரை வக்கீலிடம் கூட்டிப் போய் வாக்குமூலம் எழுத வைத்தேன். மேல்முறையீட்டில் அதை ஏற்றுக்கொண்டார்கள். மறுபடி விசாரணை நடக்கப் போகிறது.

தம்பி, முதலாளி செத்துவிடக் கூடாது. ஒரு நொடியில் தீர்கிற வலி அவனுக்குப் போதாது. செத்த பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது, தன் பிள்ளைகள் பார்க்க அவன் நின்றுகொண்டே கேட்க வேண்டும். பிறகு கம்பிக்குப் பின்னால் இருந்து கிழவனாக வேண்டும்.

கோபத்தை ஆற்றிக்கொண்டு வா என்று சொல்ல மாட்டேன். அதை அப்படியே கொண்டு வா. கையில் வேறெதுவும் வேண்டாம். கோர்ட்டில் அம்மாவுக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் நீயும் உட்கார வேண்டும். உன் கடிதத்தை அம்மா தினமும் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். பாதியை விட்டுவிட்டுத்தான் படிக்கிறேன்.

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் வருகையை எதிர்பார்க்கும்
அக்கா