துரை பங்களாவும் புளியோதரையும்

ஜூன் 9, திங்கள்

லாவண்யா இன்றைக்கும் அதே பாட்டு. ராகேஷைத்தான் கட்டிக்கொள்வாளாம். அவன் அப்பா விஜயராகவன் சனிக்கிழமை என்னையும் அவளையும் படகில் அழைத்துப் போகிறாராம். அடையாற்றங்கரையில் ஏதோ ஒரு துரை ஓய்வெடுக்கக் கட்டிய தோட்ட பங்களாவைக் காட்டவாம். சம்பந்தம் பேசக் கோயிலுக்குக் கூப்பிடுவார்கள், வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். சாக்கடையில் படகு விடுகிற மயிலாப்பூர்க்காரரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

"ஒரு நாள் வந்து பாரும்மா. அதுக்கப்புறமும் வேணாம்னா நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றாள்.

சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லத்தானே போகிறேன்.

ஜூன் 12, வியாழன்

என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்ததும் முதல் வேலையாகச் சொன்னார்: "போறது போ வடிவு. கை மட்டும் நனைச்சிராத."

எனக்குத் தெரியாதா? சம்பந்தம் முடிவாகாத இடத்தில் ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதித்ததாகத்தான் அர்த்தம். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்து இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு அது மாறவில்லை. காலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த மனுஷர் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

ஜூன் 14, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமல் தூக்கமும் வராது.

ஊரூர் குப்பத்தில் மீன் படகு. விஜயராகவன் வெள்ளை வேட்டி ஜிப்பாவுக்கு மேலே பச்சைத் துணித் தொப்பி போட்டு, தாடைக்கு நாடா கட்டியிருந்தார். கண்றாவி.

"இன்னா சார், தண்ணி வத்திக்கினு கீது. சீக்கிரம் திரும்பிடணும்" என்றார் படகுக்காரர்.

"சரித்திரம் பாக்கப் போறச்சே அவசரப்படப்படாதுப்பா."

வழியெல்லாம் பேச்சு. நான் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

பங்களாவுக்குக் கூரை பாதிதான். உள்ளே வௌவால் நாற்றம். அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே இருந்ததாம். இப்போது சுற்றிலும் ஃப்ளாட், பால்கனியில் நைட்டி காய்கிறது. இவரோ தூணைத் தடவித் தடவி, "சுண்ணாம்புப் பூச்சு, மாமி! தொட்டுப் பாருங்கோ" என்கிறார். மாமியாம்!

பிறகு எங்கள் முன்னாலேயே ஜிப்பாவைத் தூக்கி வயிற்றில் சர்க்கரை ஊசி குத்திக்கொண்டார். வெட்கம் கிடையாது. எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். "ஆத்துக்காரி போனப்புறம் நானேதான் சமையல். புளியோதரை."

"எனக்குப் பசிக்கல" என்றேன்.

டப்பாவை மூடிவிட்டார். "அப்போ அப்புறமா எல்லாருமா சாப்டலாம்."

லாவண்யா முறைத்தாள். முறைக்கட்டும்.

திரும்பும்போது படகு சேற்றில் தட்டி நின்றது. படகுக்காரர் இறங்கித் தள்ளினார். சரித்திரக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். முழங்கால்வரை கறுப்புச் சேறு. தொப்பி நழுவித் தண்ணீரோடு போயிற்று. நான் வாய்விட்டே சிரித்தேன்.

மேலே ஏறியவருக்குக் கை உதறியது. முகமெல்லாம் வியர்வை, பேச்சு குழறுகிறது.

"ஊசி போட்டுட்டு சாப்பிடவே இல்லம்மா!" என்று லாவண்யா கத்தினாள். டப்பாவை நீட்டினால் தலையை ஆட்டுகிறார். "கூட்டிண்டு வந்தவாளப் பட்டினி போட்டுட்டு நான் மட்டும் எப்படி..."

ஐயோ, இப்படியும் ஒரு கிறுக்கு உண்டா! உசுரு போற நேரத்துல என்ன மரியாத வேண்டிக்கிடக்கு? வந்த கோபத்துல டப்பாவப் புடுங்கி ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு, "நான் தின்னாச்சு, பாத்தீரா? இப்ப நீரு தின்னும்!"னு கத்தினேன்.

தின்றார். நடுக்கம் நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பினால் லாவண்யா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

"கை நனைச்சியா?" என்று இவர் கேட்டார். காது கேட்காததுபோல் இருந்துவிட்டேன். அவசரத்துக்குத் தின்றது சேருமா என்ன? — சேராது. சேராதுதானே? லாவண்யா சொன்ன சொல்படி வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

ஜூன் 16, திங்கள்

புளியோதரையில் பெருங்காயம் தூக்கல்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பாண்டி பஜார் முழுக்க அலைந்து பச்சைத் தொப்பி வாங்கிவிட்டேன். அதே கண்றாவி, அதே நாடா. நிச்சயதார்த்தத் தட்டில் பட்டு வேட்டிமேல் அதை வைத்தால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் என்கிறார் இவர். சிரிக்கட்டும், சிரிக்கிற மாதிரிதானே இருக்கிறது.

நாளைக்கு முதல் பந்தியிலேயே எனக்கு இலை போடச் சொல்லியிருக்கிறேன். பெண்ணைப் பெற்றவள் முந்திக்கொண்டு உட்காருவதா என்று நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். நான் ஒரு வாய் போட்டுக்கொள்ளாமல் அந்த மனுஷர் சாப்பிட மாட்டார்.