அனுபவம்: இல்லை

ஜூன் 2, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஜெர்கின் காயவில்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன்.

கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ரப்பர் பிரிவு வேறு மாநிலத்துக்குப் போகிறது. என்னைப்போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு 30ஆம் தேதியோடு சரி. பதினொரு வருடம் ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தும் பிரஸ் ஓட்டியாயிற்று. கேன்டீனில் சாம்பார் மட்டும் இன்றைக்கென்று நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மஞ்சுவிடம் சொன்னேன். வழக்கம்போல் கம்பெனியிலிருந்து கூலிக்கு வரும் மூட்டையைக் கவிழ்த்து, பைக் ரப்பர் வளையங்களின் ஓரத்துப் பிசிரை பிளேடால் வெட்டிக்கொண்டிருந்தாள். கை கால் கழுவிவிட்டு வரச் சொன்னாள், களி ஆறிவிடுமாம். அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்
யோசனை: சொந்தமாக ஒரு பிரஸ். கிருஷ்ணகிரி தொழில் மையத்தில் கடன் திட்டம் இருக்கிறது. பெண்கள் பெயரில் போட்டால் மானியம் கூடுதல் என்று கேன்டீன் பேச்சு. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். சரி, பேர் மஞ்சுவுடையது, தொழில் என்னுடையது.

வேண்டியவை: ஆதார். மஞ்சு டி.சி. (தேன்கனிக்கோட்டையில் அவள் அம்மா வீட்டு பீரோ). போட்டோ 4. மிஷின் கொட்டேஷன். பல்பு 1. துவரம் பருப்பு.

படிவத்தை நானே நிரப்பினேன். என் கையெழுத்து அழகு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். விண்ணப்பதாரர்: மஞ்சுளா. நிறுவனம்: குமரேசன் ரப்பர்ஸ், என் பேர்தான். அனுபவம்: இல்லை. அவள் கையெழுத்து மட்டும் போட்டாள்.

ஜூன் 9, திங்கள்
லீவு. இருவரும் கி.கிரி தொழில் மையத்துக்கு. சூளகிரி தாண்டியதும் வெயில்.

உதவி மேசையில் ஒரு அம்மா. படிவத்தைப் பார்த்தார். பிறகு மஞ்சுவின் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் முழுக்க பிளேடு தழும்பு, கட்டை விரலில் துணிச் சுற்று.

"இது என்னம்மா கையில?"

"பிசிர் வெட்டறதுங்க. ரப்பர் சாமானு."

"எத்தன வருசமா?"

"ஒம்பது வருசங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அனுபவம் இல்லைன்னு எழுதினது யாரு சார்?"

திட்டியிருந்தால் தேவலை. சும்மா கேட்டார். புதுப் படிவம் கொடுத்தார். திட்ட அறிக்கை எழுத அங்கேயே உதவுவார்களாம், பயிற்சியும் இலவசம். நேர்காணலில் எல்லாக் கேள்வியும் மஞ்சுவைத்தான் கேட்பார்கள், நான் வெளியே உட்கார வேண்டும்.

திரும்பும்போது மஞ்சு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்பது வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன். சே.

ஜூன் 10, செவ்வாய்
புதுப் படிவத்தை அவளே எழுதினாள். படித்தது தெலுங்கு மீடியம், தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். "அனுபவம்: 9 வருடம். பிசிர் வெட்டுவது. நல்லது கெட்டது பிரிப்பது." வரி கோணல். திருத்தப் போய், பேனாவை மூடி வைத்துவிட்டேன். நிறுவனப் பெயரை மட்டும் காலியாக விட்டாள். யோசிக்கணுமாம்.

மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. கேட்டது, டீ போடட்டுமா என்று. போட்டேன். சர்க்கரை மறந்துபோனேன். குடித்துவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு
நேர்காணல் நாளை மறுநாள். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எவ்வளவு அழுத்தம். எல்லாம் மறக்கிறாள். எரிச்சலில் "போச்சு போ" என்றேன். கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் என்ன செய்வோம் என்ற பயம், வேறென்ன.

அவள் மூட்டையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தாள். "ரெண்டு வருசம் முன்ன, உங்க பிரஸ்ல வர்ற சாமானு பிசிரு தடிமனா இருக்கு, அச்சு தேஞ்சிருக்கும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. உனக்கென்ன தெரியும் என்றேன் அன்றைக்கு. ஆறு மாதம் கழித்துக் கம்பெனியே அந்த அச்சை மாற்றியது. அதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. இன்றைக்குச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், படிவத்துக்கும் சேர்த்து. இதைச் சொல்ல ரெண்டு வருசமா என்று சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

ஜூன் 24, செவ்வாய்
கி.கிரி. வெளியே பெஞ்சில் என்னைப்போல் நாலைந்து கணவன்மார். ஒருவர் போனில் கன்னடத்தில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் என்ன தொழில் வைக்கப்போகிறீர்கள் என்றார். வைப்பது நான் இல்லை, வீட்டம்மா என்றேன். வாய் தானாகச் சொன்னது.

மஞ்சு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் மாங்காய்க் கீற்று, மிளகாய்ப்பொடி தூக்கல். தின்றுகொண்டே சொன்னாள். எத்தனை டிகிரி என்றார்களாம், மறந்துபோச்சுங்க என்றாளாம். பையிலிருந்து மூன்று வளையங்களை எடுத்து மேசைமேல் வைத்தாளாம். ஒன்று சூடு பத்தாதது, ஒன்று சூடு ஏறிப்போனது, ஒன்று சரியானது. தடவிப் பாருங்க சார் என்றாளாம். எதிரே இருந்த மூன்று அதிகாரிகளும் தடவிப் பார்த்தார்களாம். பிறகு, மிஷின் ஓட்டப்போவது வீட்டுக்காரர்தானே என்று நடுவில் இருந்தவர் கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"ஓட்டறது அவரு. ஒழுங்கா ஓட்டறாரான்னு பாக்கறது நானுன்னேன்."

சிரிப்பில் கீற்று தொண்டையில் சிக்கி எனக்கு ஒரே இருமல். முதுகில் தட்டினாள்.

ஜூன் 30, திங்கள்
கடைசி ஷிப்ட். ஐ.டி. கார்டு, ஷூ, லாக்கர் சாவி ஒப்படைத்தாயிற்று. பிரஸ்ஸை ஒருதரம் தொட்டேன், சூடாக இருந்தது. வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்சம் அழுதேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியும்.

வீட்டில் மஞ்சு போனை நீட்டினாள். மெசேஜ். தேர்வாகிவிட்டாள். வங்கிக்குப் பரிந்துரை போய்விட்டது, அடுத்த வாரம் பயிற்சி. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனசில்லை. அவள்தான், வேலை இருக்கு, விடுங்க என்றாள்.

சிறுதொழில் பதிவு. போனிலேயே நிரப்ப உட்கார்ந்தாள். நிறுவனம்: மஞ்சுளா ரப்பர்ஸ். யோசித்துத்தான் வைத்திருக்கிறாள். வேலை செய்வோர், பெண்: 1. ஆண் என்ற கட்டத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம கம்பெனில சேந்துக்கறீங்களா?"

"அனுபவம் கேப்பீங்களா மேடம்?"

"பதினோரு வருசம்னு எனக்குத் தெரியாதா?"

ஆண்: 1.