பதினான்கு நாள் குறைவு

புக்கிட் பாஞ்சாங்,
செப்டம்பர் 14, ஞாயிறு.

அன்புத் தங்கை இல்ஹாமுக்கு, உன் லாத்தா முனீராவின் ஸலாம்.

நீயும் மாப்பிள்ளை ஷாஹிதும் குளுவாங்கில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உன் மச்சான் ஃபாரூக் நலம், பிள்ளைகள் நலம், உம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. ஃபோனில் பேச்சு உம்மா பக்கம் திரும்பினாலே, "சரி லாத்தா, அடுப்புல வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கல்யாணமாகி நான்கு வாரமாக உன் அடுப்பு அணைந்ததே இல்லை போலிருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால், அனுப்பிய கையோடு பயந்துபோய் அழித்துவிடுவேன். தபாலில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கல்யாண வாரத்தில் நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதிதான். நிக்காஹ் குளுவாங்கில் என்பதால், நீ வியாழக்கிழமையே காகித வேலைகளுக்காக ருக்ஸானா சாச்சியோடு குளுவாங் போய்விட்டாய். நான் திங்கட்கிழமையிலிருந்து சொல்கிறேன்.

அன்று மதியம் கிளினிக்கில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், வாப்பா அழைத்தார். அவர் குடியிருக்கும் ஜோகூரின் எண்ணைத் திரையில் பார்த்ததும் டப்பாவை மூடிவைத்தேன். மழை எப்படி, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று சுற்றி வளைத்துவிட்டு, "உங்க உம்மா வர்றாங்களா?" என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவர் வராமல் எப்படி, வருகிறார் என்றேன். "அப்போ நான் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்மா. இவங்களையும் கூட்டிட்டு வரணும். எல்லாரும் ஒரே மண்டபத்துல இருந்தா சங்கடம் லா" என்றார். இவங்க என்றால் அவருடைய இப்போதைய மனைவி.

அந்தக் காகிதத்தை நான் அறிவேன். என் நிக்காஹ்வுக்கு வந்தது அதுதான். பெண்ணுக்கு வலிகாரராக உட்கார்ந்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டியவர் தகப்பன். என் தகப்பன் கையெழுத்தைத்தான் அனுப்பினார். அவருக்குப் பதிலாக அவர் தம்பி, நம் சாச்சா, அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மார்க்கப்படி அது செல்லும், ஒரு குறையும் இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, பேசுவது வாப்பாவின் குரல் இல்லை என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. உனக்கு அப்போது பதினான்கு வயது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "என் கல்யாணத்துக்காவது வாப்பா வருவாங்களா லாத்தா?" என்று கேட்டாய். வருவார் என்றேன். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

அன்று மாலை வேலை முடிந்து வந்து, பேருந்துக்குப் பட்டியல் எழுதினேன். முப்பத்தாறு பேர். பெயர், பாஸ்போர்ட் எண், முடிகிற தேதி. மேனேஜர் என்று என்னைக் கேலி செய்வாயே, அந்த மேனேஜர் வேலைதான். மலேசியாவுக்குள் போக ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்பது இங்கே யாருக்குத்தான் தெரியாது? ஒவ்வொன்றையும் விரலை வைத்துப் பார்த்தேன். உன் மச்சானுடையதை இரண்டு தடவை பார்த்தேன், அவர் மறதி உனக்குத்தான் தெரியுமே. உம்மாவுடையது பிப்ரவரி இரண்டாம் தேதி முடிகிறது. கணக்குக்குப் பதினான்கு நாள் குறைவு.

நான் அதைப் பார்த்தேன், இல்ஹாம். கண் தவறி விட்டுப்போகவில்லை.

அப்போதே அவசரம் என்று எழுதிப் போட்டிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் புதிது கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். நான் கேட்கவே இல்லை. என் கையாலேயே அந்தத் தேதியைப் பட்டியலில் எழுதி, பாஸ்போர்ட்டை மற்றவற்றோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். பிறகு வாப்பாவைக் கூப்பிட்டு, "நீங்க கண்டிப்பா வாங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

நீங்கள் வரக்கூடாதாம் என்று உம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பாஸ்போர்ட் தடுத்துவிட்டது என்றால் யார் மேலும் குற்றமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கவுண்டரில் கவனிக்காமல் விட்டாலும் விட்டுவிடுவார்கள் என்றும் நினைத்தேன். பொறுப்பை முன்பின் தெரியாத ஓர் அதிகாரியின் தலையில் கட்டிவிட்டு, நான் நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் உம்மா என்னைத் தேக்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார். இத்தனை வருடம் பள்ளிக்கூட கேண்டீனில் மீ கோரெங் கிளறி நம் இருவரையும் ஆளாக்கியவர், தனக்கென்று ஒரு பட்டுச்சேலை எடுத்து நீ பார்த்திருக்கிறாயா? அன்று எடுத்தார். கத்திரிப்பூ நிறம், மெல்லிய ஜரிகை. சிராங்கூன் சாலைக் கடையில் நான்கு சேலைகளைத் தோளில் போட்டுப் போட்டுப் பார்த்து, "மாப்பிள்ளை வீட்டார் முன்னாடி இல்ஹாமுக்குக் குறைச்சலா இருக்கக்கூடாதுல்ல" என்றார். தையற்காரரிடம் கெஞ்சி ரவிக்கையை வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி வாங்கினார். வாப்பாவைப் பற்றி ஒரே ஒரு பேச்சுதான் பேசினார், அதுவும் பேருந்து நிறுத்தத்தில். "அவருக்குச் சக்கரை இருக்கு, பந்தியில உக்கார வைக்க லேட் பண்ண வேணாம்னு ஃபாரூக்கிட்ட சொல்லிவை" என்றார். அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. பேருந்து வந்தது, ஏறிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை முழுக்க விருந்து இனிப்புக்கு வட்டலப்பம். முட்டை உடைத்தே என் கை நாறியது. குலா மலாக்கா வெல்லம் நல்லதாக இல்லையென்று உம்மா ஈரச்சந்தைக்கு இரண்டு தடவை நடந்தார். உனக்கு ஓரத்தில் கொஞ்சம் கருகினால்தான் பிடிக்கும் என்று ஒரு சின்னத் தட்டைத் தனியாக வைத்து எடுத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். உட்லண்ட்ஸில் சிங்கப்பூர்ப் பக்கச் சோதனையை எல்லாரும் தாண்டியாகிவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம், கவுண்டரில் உம்மாவை நிறுத்தினார்கள். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். பெரியம்மாவை அழைப்பதுபோல மக்சிக் என்று அழைத்து, தேதி போதவில்லை, உள்ளே விட முடியாது என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். உம்மா திரும்பி என்னைத்தான் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார்? நான் அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கி, அப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தேன். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் உம்மா மன்னிப்புக் கேட்டார். "என் தப்புதான், நான்தான் பார்க்கலை, என்னால உங்களுக்கும் லேட்" என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார். உன் மச்சான் கூடவே திரும்புகிறேன் என்றதற்கு, "நிக்காஹ் நேரம் எனக்காக நிக்காது, நீங்க போங்க தம்பி" என்றுவிட்டார். வட்டலப்பக் கூடையை என் கையில் கொடுத்து, குலுங்காமல் கொண்டு போகச் சொன்னார். புதுச் சேலையும் தலைப்பூவுமாக அவர் தனியாகத் திரும்பி நடந்தார். கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மற்றது நீ அறிந்தது. பேருந்திலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். நான் விஷயத்தைச் சொன்னதும், "வேணும்னேதான் செஞ்சிருக்காங்க. வாப்பா முகத்துல முழிக்கக்கூடாது, அதான். என் கல்யாணத்தை விட அவங்களுக்கு அந்த வைராக்கியம்தான் பெருசு" என்றாய். உன் கைக்கு மருதாணி இட்டிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு வாப்பா வந்தார். மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, என் மகள் இல்ஹாமை என்று தொடங்கினார். நீ அழுதாய், நானும் அழுதேன். அந்த நிமிடம் நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன். இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். விருந்தில் கருகிய ஓரம் உள்ள அந்தச் சின்னத் தட்டை உன் முன்னால் வைத்தேன், நீ தள்ளிவிட்டாய்.

மாலையில் வீடு திரும்பினால், உம்மா அதே சேலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். யார் யார் வந்தார்கள், பிரியாணி போதுமானதாக இருந்ததா, நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டாய் என்றேன். நிக்காஹ் ஓதியதைப் பதிவு செய்திருந்தேன், போட்டுக் காட்டினேன். வாப்பாவின் குரலைக் கேட்டுவிட்டு, "தொண்டை கம்மிப்போச்சே அவருக்கு, மருந்து ஒழுங்கா சாப்பிடறாரா என்னமோ" என்றார். இதைத்தான் நீ வைராக்கியம் என்கிறாய்.

அதற்குப் பிறகு உம்மாவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தேதியைப் பார்க்காமல் போனோமே, கண் மங்கிவிட்டதோ என்று பாலி கிளினிக்கில் நேரம் எடுக்கச் சொன்னார். போன வியாழக்கிழமை கூட்டிப் போனேன். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்திய வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தார். வயதுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது என்றார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், "கண்ணு நல்லா இருக்குன்னா அப்ப புத்திதான் மங்குது முனீரா. மறதி நோய்க்கு எங்க பார்க்கணும்னு கேளு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருக்க, திங்கட்கிழமை ஃபோனில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பணம் கட்ட எங்கள் எண் வரும் வரைக்கும் எண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்கிட்ட கேட்டிருந்தா நானே நின்னிருப்பேனே. பிள்ளைக்கு அவ வாப்பா வேணும்னா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? சேலை எடுக்காம, யாரும் பார்க்காம, வீட்டுலயே இருந்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான் இல்ஹாம். அத்தனை பேர் முன்னால் கவுண்டரில் நிறுத்தாமல், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இருபது வருடமாக நமக்காக ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கப் பார்த்தார். "என் மேல கோவம்னா என்னைக்காவது தணிஞ்சிடும். உங்க ரெண்டு பேருக்குள்ள வந்துட்டா தணியாது. எனக்கப்புறம் உங்களுக்கு நீங்கதான்" என்றார். நான் சத்தியம் செய்யவில்லை. உம்மா சொல்லை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

வாப்பாவை இதற்காக வெறுக்காதே. அவர் தன் சங்கடத்தைச் சொன்னார், செய்தது நான். நீ கேட்க ஆசைப்பட்ட குரலை நீ கேட்டாய், அது உன்னோடு இருக்கட்டும். கோபம் முழுவதையும் என் மேல் வை. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள், நான் தாங்குவேன். உம்மா தாங்கமாட்டார். ஃபோன் மணி அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார். என் கிளினிக்கில் வேலை பார்க்கும் கதீஜா என்றோ வங்கி என்றோ தெரிந்ததும் அடுப்படிக்குத் திரும்பிப் போகிறார்.

உம்மாவுக்குப் புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. நேற்று அதை என்னிடம் கொண்டுவந்து, "நீயே வச்சுக்க, தேதியைப் பார்த்துக்க" என்று கொடுத்தார். பத்து வருடம் செல்லும். நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

நீ ஒரு தடவை கூப்பிட்டு, வாங்க உம்மா என்று சொல், போதும். அந்தக் கத்திரிப்பூச் சேலையைக் கட்டச் சொல்லி, நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்கவில்லை என்றால், உம்மாவை உன் வாசலில் விட்டுவிட்டு அடுத்த பேருந்தில் நான் திரும்பிவிடுகிறேன்.

உன் வீடு நிறைந்திருக்க துஆ செய்யும்,
உன் லாத்தா,
முனீரா