வேலியில் பழுத்த கொவ்வை

கொட்டாஞ்சேனை,
1938 பெப்ரவரி 6, ஞாயிறு.

அன்பு மகன் வலன்ரைனுக்கு,

அப்பா நிக்கலஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம், சண்டையும் பிடிக்கிறோம், ஆகையால் சுகம் என்றே வைத்துக்கொள். லண்டன் குளிரில் உன் நெஞ்சுச் சளி இறங்கிவிட்டது என்று நீ எழுதினால்தான் அம்மாவுக்கு நித்திரை வரும். வெள்ளவத்தையில் அக்கா றோஸியின் சின்னவளுக்குப் பல் முளைத்திருக்கிறது, கண்டவர் விரலையெல்லாம் கடிக்கிறாள், போன கிழமை என் மூக்கையும் விடவில்லை. அக்காவின் மாப்பிள்ளை ரெயில்வேயில் வழக்கம்போல் எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். நல்ல செய்தி இவ்வளவுதான் மகன். மிச்சத்தை ஓர் இடத்தில் உட்கார்ந்து, யாரும் பக்கத்தில் இல்லாதபோது வாசி.

போன செவ்வாய்க்கிழமை உன்னைப் படிக்க அனுப்பிய விவசாய இலாகாக் கந்தோரில் இருந்து ஒரு கிளாக்கர் என் கடைக்கு வந்தார். மணிக்கூடு திருத்தத்தான் வந்தாராம், ஆனால் வாயெல்லாம் உன் பேச்சு. கையில் ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம், இரண்டிலும் கீழே உன் பெயர். கொவ்வைக் கொடியில் இருக்கும் சின்ன ஈ வேறு சாதி, புடலை பாவல் பூசணியைக் கெடுக்கும் பெரிய ஈ வேறு சாதி, ஆகையால் தோட்டக்காரர்கள் வேலியில் உள்ள கொவ்வையை வெட்டி வீணாகப் பாடுபட வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறது. ஹெந்தளைப் பக்கம் கொடுத்து முடிந்ததாம், மார்ச் முதலாம் தேதி மற்ற ஊர்களுக்கெல்லாம் போகிறதாம், பத்தாயிரம் பிரதி என்று கையை விரித்துக் காட்டினார். உன் பெயரை அச்சில் கண்டால் எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருடைய மணிக்கூட்டின் சுருள்வில்லை அன்றைக்கு முறித்துப்போட்டேன், முப்பது வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

ஹெந்தளை ராமையாவை நீ மறந்திருக்க மாட்டாய், குத்தகை நிலத்தில் புடலையும் பாவலும் போடுகிறவன், நீ அந்தச் சின்ன ஈயை முதலில் பிடித்ததே அவன் வேலியில்தான். ஒவ்வொரு போகமும் விதைக்கு முன்னால் வேலிக் கொவ்வையை வேரோடு வெட்டி எரிப்பது அவன் வழக்கம். போன வருஷம் உன் கடிதம் கண்டதும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், என் மகன் லண்டனில் அளந்து பார்த்துவிட்டான், வேலி ஈயால் உனக்குக் கெடுதி இல்லை, கொடியை விட்டுவிடு என்றேன். எங்கப்பன் காலத்துலேருந்து வெட்டித்தானுங்களே பழக்கம் என்று சற்று யோசித்தான். பிறகு, படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க என்று கத்தியைக் கூரையில் செருகிவிட்டான். அந்தப் போகத்தில் அவனுடைய புடலங்காய் ஒன்றுகூடச் சந்தைக்குப் போகவில்லை. பிஞ்சிலேயே வளைந்து, மஞ்சளித்து, பிசின் வடிந்து விழுந்தது. கார்த்திகையில் நான் போய் ஒன்றைப் பிளந்து பார்த்தேன், உள்ளே சோறு கொதிப்பதுபோலப் புழு. அவன் மனைவி வெள்ளையம்மா அழுகல்களை வாரிக் குழியில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். வேலியில் கொவ்வை மட்டும் சிவக்கச் சிவக்கப் பழுத்துக் கிடந்தது. பொழுது சாயத் தொடங்கியதும் அந்த இலைகளின் அடியில் ஈக்கள் வந்து ஒட்டின, ஓர் இலைக்கு ஐந்து ஆறு, சிறகை மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். எனக்கு அங்கே நிற்கப் பயமாக இருந்தது, ஈயைக் கண்டு பயந்தவன் என்று நீ சிரித்தாலும் சரி.

வீட்டுக்கு வந்து பழைய ஊறுகாய்ப் போத்தல்களை எடுத்து, அடியில் மணல் பரப்பி, வாய்க்கு மெல்லிய துணி கட்டி, நீ காட்டித் தந்தபடி எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். கொவ்வைப் பழத்தில் பிறந்த ஈக்களைத் துணிக் கூட்டில் விட்டு, உள்ளே ஒரு கொவ்வங்காயும் ஒரு பிஞ்சுப் புடலங்காயும் வைத்தேன். தாய் ஈ கொவ்வையைத் திரும்பிப் பார்க்கவில்லை, புடலங்காயில் போய் உட்கார்ந்து முட்டை இட்டது. நாலு தரம் வைத்தேன், நாலு தரமும் அப்படித்தான். அதில் இருந்து நாற்பத்துமூன்று ஈ வெளிவந்தன. கடையில் மணிக்கூடு பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனையும் பெரிய ஈ, நீண்ட சிறகு, சிறகின் முன்னோரத்தில் அகலமான கபில நிறப் பட்டை, நீ வரைந்து அனுப்பிய படத்தில் உள்ள அதே தோட்டத்து ஈ. பெரிய ஈயைக் கொவ்வங்காய் மட்டும் உள்ள கூட்டில் விட்டேன், அதன் பிள்ளைகள் குட்டைச் சிறகும் மெலிந்த பட்டையும் கறுத்த முதுகுமாக வந்தன. சாதி ஒன்றுதான் மகன். ஒரு கொவ்வங்காய்க்குள் இருபது புழு கிடந்தால் ஆளுக்கு என்ன கிடைக்கும், அரை வயிறு தின்று வளர்ந்தது அந்த அளவில்தான் வரும். தாய் எந்தக் காயில் இட்டாளோ அந்தக் காய்க்குத் தக்கதாகப் பிள்ளையின் உடம்பு. வேலியில் சிறுத்துக் கிடப்பவை எல்லாம் தோட்டத்தில் பிஞ்சு இறங்கும் நாளுக்காகக் காத்திருக்கின்றன.

இனி எழுதக் கை கூசுவதை எழுதுகிறேன். இதே சோதனையைச் செய்து பார் என்று போன வருஷமே நீ கேட்டிருந்தாய். நானும் செய்தேன். புடலங்காய்ப் போத்தலில் ஈக்கள் வெளிவந்தது பெரிய வெள்ளிக்கிழமை காலையில். அவற்றைக் கொன்று குத்திவைக்க மருந்துப் போத்தலையும் குண்டூசிப் பெட்டியையும் நான் எடுக்க, அம்மா குறுக்கே வந்து நின்றாள். அன்றைக்கு நம் வீட்டில் ஆணி அடிப்பதில்லை, ஊசி தொடுவதில்லை, நீ அறிவாய். ஆண்டவரை ஆணியிலை அறைஞ்ச நாளிலை நீங்கள் ஒரு உயிரிலை ஊசி குத்தப் போறியளோ, அதுகளைப் போகவிடுங்கோ என்றாள். அவள் சொன்னாள், அவிழ்த்தவன் நான். துணியை எடுத்ததும் ஜன்னலால் பறந்து போயின. பெரிய ஈக்கள், என் கண்ணால் நன்றாகப் பார்த்தேன். ஈஸ்டர் கழியத் திரும்பச் செய்யலாம் என்றிருந்தேன், மழை வந்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, நீயோ தபாலுக்குமேல் தபால் போட்டு அவசரப்படுத்தினாய். வெளிவந்த ஈ எங்கே என்று கேட்பார்கள், பெரிய வெள்ளி என்று திறந்துவிட்டேன் என்று உன் பேராசிரியர்களுக்குத் தெரிய வந்தால் உனக்கு வெட்கம் என்று நினைத்தேன். புடலங்காயில் இட்டதில் ஒன்றும் பிழைக்கவில்லை என்று கொப்பியில் எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு வரி. அதை நம்பி நீ ஒரு புதுச் சாதியே கண்டுபிடித்து அதற்குப் பெயரும் வைத்தாய். நானும் என் கண்ணைவிட உன் அளவை நம்பி ராமையாவிடம் போனேன். போன சனிக்கிழமை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இதை என்னட்டைச் சொல்லி முடிக்கேலாது, முதலிலை மகனுக்கு எழுதும் என்றார்.

இன்றைக்குக் காலைப் பூசை முடிந்ததும் ஹெந்தளைக்குப் போனேன். போனால், ராமையா தான் கெட்டது போதாதென்று உன் பேச்சை அயலில் பதினொரு தோட்டத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறான். எல்லார் வேலியும் சிவந்து கிடக்கிறது. அவர்களைக் கூட்டி வைத்து, இரண்டும் ஒரே ஈ, இன்றைக்கே வெட்டுங்கள் என்றேன். மரியாதையாகக் கேட்டார்கள். அவர்களுக்குள் வாசிக்கத் தெரிந்தவர் பெரியதம்பி என்பவர், அவர் மடியில் இருந்து உன் துண்டுப் பிரசுரத்தை எடுத்து விரித்து, ஒரு சொல் விடாமல் எல்லோருக்கும் கேட்க வாசித்தார். அச்சுல போட்டிருக்காங்க, சின்னையா பேரு இருக்கு, அவரு பொய்யா சொல்வாரு என்று என்னையே கேட்டார். பொய் சொன்னவன் நான் என்றேன். சிரித்தார்கள் மகன். ஐயாவுக்கு வயசாயிருச்சு என்று ஒருவருக்கொருவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். ராமையாவும் சிரித்தான், போன போகத்தை மழை கெடுத்தது, ஈ என்ன செய்யும் என்றான். இந்த முறை இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்து எடுத்திருக்கிறான், விதை ஊறப் போட்டாகிவிட்டது. வெள்ளையம்மா மட்டும் சிரிக்காமல் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ராமையா என் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பத்திரமாக பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

ஆகையால் என் பேச்சு அங்கே எடுபடாது, உன் பேச்சுத்தான் வேண்டும். இந்தக் கடிதம் ஆகாயத் தபாலில் பதினாறாம் தேதிக்குள் உன் கைக்கு வரும். அன்றைக்கே கந்தோருக்குத் தந்தி அடித்து மற்ற ஊர்களுக்குப் போவதை நிறுத்து, ஹெந்தளைக்கு உன் பெயரிலேயே வேறு பிரசுரம் போடச் சொல். ஆனி மாதம் உனக்குப் பரீட்சை, உன் உத்தியோகமே இந்த ஈயில் தொங்குகிறது என்று தெரியாமல் சொல்லவில்லை. தகப்பன் பொய் எழுதினான் என்று என் பெயரைப் போட்டே எழுது, எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. நீ பேசாமல் இருந்தால் இருபத்தெட்டாம் தேதி போத்தல்களைத் தூக்கிக்கொண்டு நானே கந்தோர் வாசலில் போய் நிற்பேன், மணிக்கூடு திருத்துகிறவன் சொல்வதை அவர்கள் எவ்வளவு கேட்பார்கள் என்று ஹெந்தளையில் பார்த்துவிட்டேன். கோபம் வரும், வரட்டும், ஆனால் கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. மீனெண்ணெயை மூக்கைப் பொத்திக்கொண்டாவது குடி. பூசைக்குப் போகாமல் விடாதே. தேவமாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும், என் இரண்டு கையும் உன் தலைமேல்.

ஒன்றை மறந்துவிடாதே. தந்தியைக் கந்தோருக்கு மட்டும் அடி, வீட்டுக்கு அடிக்காதே. கிளாக்கர் தந்த பிரசுரத்தை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுத் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாள், வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி உன் பெயரைத் தொட்டுக் காட்டுகிறாள். அதைக் கழற்றி, ஏன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

உன் அன்புள்ள அப்பா,
ம. நிக்கலஸ்