கதவில் ஒட்டிய நீலச் செருப்பு

மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

வணக்கம். இங்கு நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். ஆவல் இந்த முறை கொஞ்சம் குறைவுதான். வழக்கமாகப் போடும் 'அன்புள்ள' இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மறந்துபோய் விட்டுவிடவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்வீர்கள், அப்புறம் கப்பலில் சிக்னல் இல்லை என்பீர்கள். கடிதம் என்றால், படம் எடுத்து போனில் அனுப்பினாலும், கடைசிவரை வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகியது, ஆள் வந்து சரிசெய்துவிட்டார். மாடிப்படிச் சுவரில் மழைத் தண்ணீர் ஊறுகிறது, அது நீங்கள் வந்த பிறகுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பி, அதன் கீழே "இதுதான் நீ வீட்டை வெச்சிருக்கிற லட்சணமா? வீடே நாறுது. நாய்களை நாளைக்கே திருப்பிக் குடு" என்று எழுதியிருந்தீர்கள். மாடியில் குடியிருக்கும் உங்கள் அருமைத் தங்கை எடுத்து அனுப்பிய படம். அவசரத்துக்கு உதவட்டும் என்று நீங்கள் அவளிடம் கொடுத்து வைத்திருந்த சாவியைப் போட்டு, நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்து எடுத்த படம். நடுக்கடலில் இருந்துகொண்டு உங்களுக்கு நாற்றம்கூட அடித்துவிட்டது. நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்க மட்டும் தோன்றவில்லை.

நான் சோடாபுட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விலங்குக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட குட்டி. வீடியோவில் பார்த்து, வாத்தியார் மாதிரி இருக்கிறான் என்று சிரித்தீர்களே, அவன்தான். வீடு கிடைக்கும்வரை வளர்த்துத் தரும்படி காப்பகம் என்னிடம் கொடுத்த மூன்று குட்டிகளில் அவன் அன்று காலை போய்விட்டான். பார்வோ என்று ஒரு வைரஸ். குட்டி நாய்களின் குடலை அரித்துவிடும். வாந்தி, ரத்தமாகப் போவது, அப்புறம் ஒன்றுமில்லை. படத்தில் நீங்கள் பார்த்த அசிங்கம் அவன் கடைசியாக விட்டுப்போனது. உடலை ஒப்படைத்துவிட்டு வந்து கழுவலாம் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனேன். அந்த நேரத்தில்தான் உங்கள் தங்கை வேவு பார்க்க வந்திருக்கிறாள்.

நான் வீட்டை எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள் அல்லவா? கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகள் பின்னறையை விட்டு ஒரு அடி வெளியே வந்ததில்லை. அந்த அறைக்கென்று தனி வாளி, தனித் துடைப்பம், தனி நைட்டி, தனிச் செருப்பு. அங்கே பாயோ மெத்தையோ திரைச்சீலையோ கிடையாது, எல்லாம் கழுவக்கூடிய தரை. முதலில் சோப்புப் போட்டு அழுக்கைத் தேய்த்து எடுக்க வேண்டும், அப்புறம் ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ப்ளீச்சிங்கை ஊற்றினால் கிருமி அடியில் சுகமாகப் படுத்திருக்கும். வாசலில் ஒரு அகலத் தட்டில் அதே தண்ணீர், வெளியே வரும்போது செருப்பை நனைக்க. என் கைத்தோல் உரிந்துவிட்டது. அதைப் படம் எடுத்து அனுப்ப எனக்கு யாரும் இல்லை.

உங்கள் தங்கைக்குச் சுத்தம் என்றால் பினாயில் வாசனை. "அண்ணி வீட்ல பினாயில் வாசனையே வரலையே" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பார்வோவுக்குப் பினாயில் வெறும் சென்ட் மாதிரி, பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கீழ் மூலையில், தட்டைத் தாண்டி, ஈரக் காகிதத்தின் மேல் ஒரு நீலச் செருப்பின் நுனி. அந்தச் செருப்போடுதான் அவள் மாடியேறிப் போயிருக்கிறாள். மாடியில் அவளுடைய இளவரசன் இருக்கிறான், புதிதாக வாங்கிய பஞ்சுக் குட்டி. இரண்டாவது தடுப்பூசியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட குட்டி.

உடனே மேலே போய்ச் சொன்னேன். செருப்பை ப்ளீச்சிங்கில் ஊறவை, வாசலைக் கழுவு, குட்டியை டாக்டரிடம் காட்டு என்றேன். அவள் சிரித்தாள். "உங்க வீட்டு நோய் எங்க வீட்டுக்கு எதுக்கு வருது அண்ணி? நாங்க தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம்" என்று கதவைச் சாத்தினாள். ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் கணவரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. படட்டும் என்றுதான் இருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து, செருப்பைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, பின்னறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கீழே உங்கள் பொன்னான வாசகமும் அப்படியே இருக்கிறது. நாய்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வீட்டை நாறடிக்கிறவள்

*

மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

வணக்கம். உங்கள் பதில் கிடைத்தது. "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா, பெருசு பண்ணாத" என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தாய் உங்களுக்கு இன்னும் சின்னப் பெண். சரி, இருக்கட்டும்.

இளவரசன் விழுந்துவிட்டான். முதலில் சாப்பாட்டை ஒதுக்கினான், அப்புறம் வாந்தி, அப்புறம் ரத்தம். செய்தி கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நன்றாக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன், சமையலறையில் தனியாக நின்று.

தன் மருத்துவமனைக்குத் தினமும் ஊசிக்கு வரும் குட்டிகள் இருப்பதால் அங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று நாய் டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் வீட்டிலோ சுவருக்குச் சுவர் கம்பளம், அதில் இந்தக் கிருமி ஏறினால் இறங்காது. "உங்க கீழ் வீட்டுலயே அறை இருக்கு, ஆளும் இருக்காங்க, அவங்களக் கேளுங்க" என்று அவர்தான் அனுப்பியிருக்கிறார். பின்னறையில் தேறிக்கொண்டிருக்கும் என் இரண்டு குட்டிகளும் அதே நோயிலிருந்து எழுந்தவை என்பதால் பயமில்லை என்றும் சொன்னாராம். குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. சோடாபுட்டியின் வாடை. எதிரில் நின்றவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாளாகக் கோத்து வைத்திருந்தேன். அதற்குள் குட்டியைக் கையில் வாங்கிவிட்டேன். குரங்குக் குட்டி மாதிரி என் நைட்டியைப் பிடித்துக்கொண்டான்.

அதற்காக அவளை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தினமும் குட்டியைப் பார்க்க வருகிறாள், அறைக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். ஒரு தடவை போதும், மூன்று தடவை கழுவ வைத்தேன். நகத்தை வெட்டிவிட்டு வா என்று ஒருநாள் திருப்பி அனுப்பினேன். மாடிப்படி முழுவதையும் அவளே சோப்புப் போட்டுத் தேய்த்து, ப்ளீச்சிங் ஊற்றி, பத்து நிமிஷம் காத்து நிற்க வேண்டும் என்றேன். நின்றாள். தட்டில் காலை நனைத்துக்கொண்டு நேர் எதிரே அந்தப் படத்தைப் பார்த்தபடி நிற்பாள். "அத மட்டும் எடுத்துடுங்களேன் அண்ணி" என்று கேட்டாள். முடியாது என்றேன். எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது.

குட்டி மட்டும் எங்கள் சண்டையைக் கேட்கவில்லை. டாக்டர் காலையில் வந்து தோலுக்கடியில் சலைன் ஏற்றிவிட்டுப் போவார், மீதி நேரம் நான்தான். துடைப்பேன், காகிதம் மாற்றுவேன், தரையைக் கழுவுவேன், மறுபடி துடைப்பேன். இவன் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று உங்கள் தங்கை கதவுக்கு அந்தப் பக்கம் அழுதாள். போகட்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தவள் நான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, போகாதேடா என்று அவன் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கைக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

நேற்று தண்ணீர் குடித்து வாந்தியெடுக்காமல் வைத்துக்கொண்டான். இன்று காலை என் துடைப்பத்தைப் பார்த்துக் குரைத்தான். குரைப்பா அது, இருமல் மாதிரி ஒன்று. வெளியே நின்றவள் அதைக் கேட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, நம் வீட்டுச் சாவியை எடுத்து ப்ளீச்சிங் தட்டில் போட்டாள். நான் பத்து நிமிஷம் ஊறவிட்டுத்தான் எடுத்தேன்.

பிறகு கத்தரிக்கோல் கொண்டுவந்து, படத்தில் அந்தச் சிவப்பு வட்டத்தை மட்டும் வெட்டி அவள் கையில் கொடுத்தேன். செருப்பு அவளுடையது, அவளிடம் போய்விட்டது. எங்கள் இருவருக்கும் நடுவில் இனி பாக்கி ஒன்றுமில்லை.

மீதிப் படம் கதவிலேயே இருக்கிறது. கீழே நீங்கள் எழுதிய வரியும் இருக்கிறது. தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன், வருகிறேன். சோடாபுட்டி செத்துப்போனான் என்று எழுதினேன். அதற்கு ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை நீங்கள்.

அந்தப் படத்தை நான் கிழிக்க மாட்டேன். உங்கள் தங்கையையும் கிழிக்க விடமாட்டேன். கப்பல் கரை சேர்ந்ததும் நீங்கள் வந்து, மணியடித்து, செருப்பை வெளியே விட்டு, என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, உங்கள் கையால் கிழிக்க வேண்டும். பசை நன்றாகக் காய்ந்துகொண்டே வருகிறது. நாளாக நாளாகப் பிய்ப்பது கஷ்டம். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி