ஒல்லி திரும்பி வந்தானா என்பது குறித்து

அனுப்புநர்:
குழந்தைகள் பிரிவு உறுப்பினர், ஏழாம் வகுப்பு மாணவி,
தையற்கடை மாடி, நூலகத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
நூலக அலுவலர் அவர்கள்,
முதல் மாடி, எப்போதும் சாத்தியிருக்கும் அறை.

பொருள்: ‘உப்புத்தீவுக் கூட்டாளிகள்’ வரிசைப் புத்தகங்கள் – ஒல்லி என்பவர் தீவை விட்டுப் போனதும் திரும்பி வந்ததும் – பெருங்குழப்பம் – அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். அரசு அலுவலக வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பவர் என் தாயார். பள்ளி விட்டதும் நான் அந்த மேசைக்கு அடியில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஆகவே மனு எப்படி எழுதுவது என்பது எனக்குத் தெரியும். இதை நானே எழுதினேன். தாயார் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார். அத்துடன் ஒரு விதியும் சொன்னார்: ஒரு மனுவில் ஒரு வேண்டுகோள்தான் இருக்க வேண்டும். இரண்டு கேட்டால் மனு இரண்டு மேசைக்குப் போகும், அந்த மேசை பார்த்துக்கொள்ளும் என்று இந்த மேசையும், இந்த மேசை பார்த்துக்கொள்ளும் என்று அந்த மேசையும் விட்டுவிடும். இன்று காலை வரை என்னிடம் நான்கு வேண்டுகோள்கள் இருந்தன. மிஞ்சியது எது என்பதைக் கடைசியில் தெரிவிக்கிறேன்.

2. மேற்படி புத்தகங்கள் மொத்தம் பத்து. ஒல்லி, கண்ணாடி, குட்டை ஆகிய மூன்று பேரும், சிப்பாய் என்னும் ஆடும் ஒரு தீவில் வசிக்கிறார்கள். கடத்தல்காரர்களைப் பிடிக்கிறார்கள், குகைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், எப்படியோ சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறார்கள். தையற்கடையில் துணி வெட்டுபவரின் மகளும் (இனி ‘மேற்படி தோழி’) நானும் இவற்றை மாடிப்படியில் உட்கார்ந்து சேர்ந்தே படித்தோம். இடப்பக்கத்தை அவள் பிடிப்பாள், வலப்பக்கத்தை நான் பிடிப்பேன். முதலில் படித்து முடித்தவர் மற்றவர் முடிக்கும்வரை மேலே கூரையைப் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எப்போதும் கூரையைப் பார்த்தது அவள்தான்.

3. இந்த வரிசையில் எங்களுக்கு ஏராளமான சந்தேகங்கள் எழுந்தன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

(அ) இரண்டாம் புத்தகத்தில் பாறை சரிந்து குகை வாசல் அடைபட்டுவிடுகிறது. மூன்றாம் புத்தகத்தில் எல்லோரும் அதே வாசல் வழியாகச் சாவகாசமாக உள்ளே போகிறார்கள். எப்படி?

(ஆ) முதல் புத்தகத்தில் சிப்பாய்க்குத் தாடி இருக்கிறது. ஆறாம் புத்தகத்தில் அது புட்டிப்பால் குடிக்கிறது.

(இ) கண்ணாடி என்பவளை முதல் பக்கத்திலிருந்தே எல்லோரும் ‘கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவளுடைய அத்தை அவளுக்கு முதன்முதலாகக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பதோ ஏழாம் புத்தகத்தில்.

(ஈ) கலங்கரை விளக்கக் காவலரை முதல் புத்தகத்தில் கிணற்றிலிருந்து தூக்கிக் காப்பாற்றுகிறார்கள். எட்டாம் புத்தகத்தில் அவர் இவர்களைப் பார்த்து “யாரு நீங்கல்லாம்?” என்று கேட்கிறார். நன்றி கெட்ட மனிதர் என்று நான் கோபப்பட்டேன். மேற்படி தோழி, “பாவம்டி, அவருக்கு மறதி” என்றாள்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் நாங்களே ஒரு பதில் கண்டுபிடித்தோம். பால் குடிப்பது சிப்பாயின் மகன், அதற்கும் அதே பெயர் வைத்துவிட்டார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. பத்துப் புத்தகங்களும் முடிந்தபோது எங்களிடம் விடையில்லாத சந்தேகம் ஒன்றுகூட இல்லை. இதைப் பெருமையுடனேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

4. முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் புத்தகத்தில் ஒல்லியின் அம்மாவுக்கு அக்கரையில் வேலை கிடைக்கிறது. கடைசி அத்தியாயத்தில் கப்பல் வருகிறது. கண்ணாடியும் குட்டையும் துறையில், தங்கள் படகு கட்டியிருக்கும் இடத்தில் நிற்கிறார்கள். சிப்பாய் கழுத்தளவு தண்ணீர் வரை போய் நிற்கிறது. ஒல்லி மேல்தட்டிலிருந்து “போயிட்டு வரேன்” என்று கத்துகிறான். அத்துடன் புத்தகம் முடிகிறது. அன்று மேற்படி தோழி, என்னவோ நான்தான் அவனைக் கப்பலில் ஏற்றிவிட்டதுபோல, என்னிடம் பேசாமல் எழுந்து போய்விட்டாள். மறுநாள் ஐந்தாம் புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே ஒல்லி பாறைமேல் நின்று விசிலடிக்கிறான். எப்போது வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில், கீழே அளவெடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் எங்களைத் திட்டினார். போவது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அன்று புரிந்துகொண்டோம்.

5. சென்ற ஆண்டு மேற்படி தோழியின் அப்பாவுக்கு வேறு ஊரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளிடம், “ஏய், ஒல்லி நாலுல போயி அஞ்சுல வரலையா? அதே மாதிரிதான். வந்துடுவ” என்றேன். அவள் நம்பினாள். பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வண்டியில் பீரோவுக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, “போயிட்டு வரேன்” என்று ஒல்லி குரலில் கத்தினாள். நானும் அழவில்லை. அழுவதற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

6. அந்த ஊரிலும் நூலகம் இருக்கிறது. அங்குள்ள புத்தகங்களுக்கு அச்சிட்ட அட்டையும் எண்ணும் அப்படியே இருக்கின்றனவாம். அவள் பொழுது போகாமல் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படித்திருக்கிறாள். பிறகு தொலைபேசியில் சொன்னாள்: “நம்ம நாலாவது புக்கு இங்க பத்தாவதுடி. அதுக்கப்புறம் புக்கே கிடையாது. அவன் வரவே இல்ல.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. “உனக்கு முன்னாடியே தெரியும். சும்மா என்னை ஏமாத்தி அனுப்பிட்ட” என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பின் எப்போது கூப்பிட்டாலும் அவளுடைய அம்மாதான் எடுக்கிறார். “அவ விளையாடப் போயிருக்காம்மா” என்கிறார். பின்னால் யாரோ தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது எனக்குக் கேட்கிறது.

7. ஆகவே விசாரணை மேற்கொண்டேன். புத்தகம் கொடுக்கும் இடத்தில் இருக்கும் அக்கா, “கதைதானே, எங்க ஆரம்பிச்சா என்ன?” என்றார். நான் நகராமல் நின்றதும், பின்கட்டில் இருக்கும் பைண்டரிடம் போகச் சொன்னார். குழந்தைகள் பிரிவுக்கு வரும் புத்தகங்களில் அட்டையும் முன்பக்கங்களும்தான் முதலில் போகும் என்பது தாங்கள் அறிந்ததே. அப்படிப் போனவற்றுக்குப் பழுப்புத் துணி அட்டை போட்டு, முதுகில் வெள்ளைச் சாயத்தால் எண் எழுதுபவர் அவர்தான். எந்த வரிசையில் எழுதினீர்கள் என்று கேட்டேன். “எது முதல்ல கிழிஞ்சு வருதோ அதுக்கு முதல் நம்பர். இதுல என்னம்மா தப்பு?” என்றார். உள்ளே கதை வேறு வரிசையில் போகிறது, கப்பல் வரும் நான்காம் புத்தகம்தான் கடைசி என்றேன். அவர் பசைக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். “நான் உள்ள படிக்கமாட்டேன்மா. படிச்சா வேலை நின்னுடும்” என்றார். பிறகு, “அந்தக் கப்பல் புக்கு சீக்கிரமே வந்துடுச்சு. கடைசிப் பக்கமெல்லாம் ஈரம் பட்டுச் சுருங்கிக் கிடந்துச்சு. மழையில வச்சுப் படிச்சாங்களோ என்னவோ” என்றார். உடனே மாற்றி எழுதிவிடுகிறேன் என்று தூரிகையையும் எடுத்துவிட்டார். வேண்டாம் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மேலே மனு கொடுத்துப் பார் என்றார்.

8. என் குழப்பம் பின்வருமாறு. அச்சிட்ட வரிசைப்படி பார்த்தால் ஆடு ஒழுங்காக வளர்கிறது, காவலர் நல்லவராகிவிடுகிறார், குகையும் சரியாகிவிடுகிறது. எல்லாம் சரியாகி ஒல்லி மட்டும் போய்விடுகிறான். நம் வரிசைப்படி பார்த்தால் எல்லாம் தப்பு, ஒல்லி மட்டும் இருக்கிறான். எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது? நான் பொய் சொல்லவில்லை, ஐந்தாம் புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் நான் சொன்னது நடக்கவும் இல்லை. பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் நடுவில் ஒன்று இருக்கிறதா என்று தாயாரிடம் கேட்டேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, அவள் போன அன்றிலிருந்து நீ ஒரு தடவையாவது அழுதாயா என்று கேட்டார். அது இந்த மனுவுக்குத் தொடர்பில்லாதது என்று கூறினேன். அன்று முழுவதும் மாடிப்படியில் உட்காரும்போதெல்லாம் இடப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே உட்கார்ந்தேன். அதுவும் தொடர்பில்லாததே.

9. நான் பொய் சொல்லவில்லை என்று அலுவலக முத்திரையுடன் சான்றிதழ் கேட்பது முதல் வேண்டுகோளாக இருந்தது. முத்திரை போட்ட தாள் எதையும் மேற்படி தோழி படிக்க மாட்டாள் என்பதால் அதை அடித்துவிட்டேன். எண்களை மாற்றச் சொல்வது இரண்டாவது, மாற்றக்கூடாது என்பது மூன்றாவது. இரண்டையும் ஒரே தாளில் எழுதியிருந்ததைப் பார்த்துத் தாயார் சிரித்தார். ஆகவே அவற்றையும் அடித்துவிட்டேன். அதைத் தாங்களே முடிவு செய்யலாம்.

10. எஞ்சியது இது. நூலகப் புத்தகங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தங்கள் வாசலில் பலகை இருக்கிறது. விடுமுறையில் என்னை மேற்படி தோழியின் ஊருக்குப் பேருந்தில் அழைத்துப்போகத் தாயார் சம்மதித்திருக்கிறார். பழுப்பு அட்டை போட்ட நான்காம், ஐந்தாம் புத்தகங்களை என்னுடன் எடுத்துச்செல்ல அனுமதி வேண்டுகிறேன். அந்த வீட்டிலும் மாடிப்படி இருக்கிறதாம். இடப்பக்கத்தை அவள் பிடிக்கட்டும். எது சரியான வரிசை என்று நான் வாதாடப் போவதில்லை.

இந்தப் புத்தகங்கள் குறித்து எனக்குக் கடைசியாக ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. இதற்குப் பதில் சொல்லி யாரும் சிரமப்பட வேண்டாம். கப்பல் புத்தகத்தின் கடைசியில், ஒல்லி வருவான் என்று நம்பி எல்லோரும் துறையிலேயே நின்றுவிடுகிறார்கள். பக்கத்திலேயே அவர்களுடைய படகு கட்டிக் கிடக்கிறது. அதில் ஏறி ஏன் ஒருவரும் அவனைப் பார்க்கப் போகவில்லை?

புத்தகங்களைக் கிழியாமல், அட்டை மடங்காமல் திருப்பிக் கொடுப்பேன் என உறுதி கூறுகிறேன். நான்காம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் மட்டும் மறுபடி ஈரமாகக்கூடும். அதற்காக இப்போதே தங்கள் மன்னிப்பைக் கோரி, அனுமதியை எதிர்பார்த்து நிற்கும்,

தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
(கையொப்பம்)

இடம்: தாயாரின் மேசைக்கு அடியில்.
நாள்: விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.